கோரை மண்டிய கொல்லையில் நீச்சல் குளம் வைக்கும் முன்

கேள்வியின் சாரம் இது. ஹூஸ்டன் புறநகரில் வீடு. கொல்லைப்புறத்தில் 18 அடி விட்டமும் 4 அடி உயரமும் கொண்ட, தரைக்கு மேல் நிற்கும், உள்ளே வைனில் என்ற பிளாஸ்டிக் உறை கொண்ட நீச்சல் குளம் ஒன்றைக் கோடை விடுமுறைக்கு முன் அமைக்க வேண்டும். இடம் முழுவதும் கோரையும் அருகம்புல்லும் பின்னிக் கிடக்கின்றன. பிடுங்கப் பிடுங்க முளைக்கின்றன. தரையில் கறுப்பு பாலித்தீன் விரித்து, அதன்மேல் இரண்டு அங்குலம் மணல் பரப்பிக் குளத்தை வைத்துவிட்டால், இருட்டிலும் தண்ணீரின் எடையிலும் புல் தானாகச் செத்துவிடாதா? பிள்ளைகள் குளிக்கும் இடம் என்பதால் மருந்து அடிக்கத் தயக்கமாக இருக்கிறது.

சாகாது என்பதுதான் என் பதில். அருகம்புல்லை மட்டும் வைத்துப் பேசினால், வெளிச்சமில்லாமல் அது நாளடைவில் நலிந்துவிடும் என்று சொல்லலாம். கோரை அப்படியல்ல. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டே அது மேலே வருகிறது. வெளியே தலைகாட்டும் வரை அதற்கு வெளிச்சம் தேவையில்லை. இறுகச் சுருண்ட இலைகளாலான அதன் முளை, நுனியில் ஊசிபோல் கூர்மையாக இருக்கும். காய்கறிப் பண்ணைகளில் பாத்தி மீது விரிக்கும் பாலித்தீன் மூடாக்கை அது துளைத்துக்கொண்டு வருவது விவசாயிகள் எல்லோரும் அறிந்தது. தரைக்கு மேல் நிற்கும் குளங்களின் லைனர், அதாவது தண்ணீரைத் தாங்கும் வைனில் உறை, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. பாலித்தீனுக்கு நேர்வதே அதற்கும் நேரும்.

தண்ணீரின் எடை பற்றிய நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் குளம் ஏறத்தாழ 7,000 கேலன் கொள்ளும். அதன் எடை 26 டன்னுக்கு மேல். கேட்க மலைப்பாக இருந்தாலும் அந்த எடை அடித்தளம் முழுவதும் பரவி நிற்பதால், நான்கடித் தண்ணீர் ஒரு சதுர அங்குலத்தின் மீது செலுத்தும் அழுத்தம் இரண்டு பவுண்டுக்கும் குறைவுதான். முளை அந்தத் தண்ணீரைத் தூக்க வேண்டியதில்லை. ஊசிமுனை அளவு இடத்தைக் கிழித்தால் போதும். நண்பர் ஒருவர் வீட்டுக் குளத்தின் நீலத் தரையில் இரண்டு அங்குல நீளப் பச்சை முளைகள் அங்கங்கே நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றின் அடியிலும் துளை முளையின் தண்டை இறுகப் பிடித்திருந்ததால், தண்ணீர் கசிவது வெளியே தெரியவே இல்லை.

ஆகவே மேலே எதைப் போடுவது என்று யோசிப்பதற்கு முன், கீழே இருப்பதைக் கொல்ல வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். குளத்தை மே மாதத்தில் வைத்தே தீரவேண்டும் என்ற அவசரத்தை விட்டுவிடுங்கள். ஜூலைத் தொடக்கத்துக்குத் தள்ளினால் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஹூஸ்டனின் வெயிலுக்குச் செப்டம்பர் முழுவதும் குளிக்கலாம் என்பதால் இழப்பு பெரிதல்ல.

முதலில் உங்களிடம் இருப்பது கோரைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தண்டை இரு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லாக இருந்தால் வழுக்கிக்கொண்டு உருளும், கோரையாக இருந்தால் மூன்று பட்டையும் விரலில் தட்டும். அடுத்து ஒரு சிறு கரண்டியால் ஓரடி ஆழம் தோண்டி, மண்ணை உடைத்துக் கிழங்கைப் பாருங்கள். டெக்சாஸில் இருவகைக் கோரை உண்டு. ஊதாக் கோரையின் கிழங்குகள் கருத்து, நார் சுற்றி, மெல்லிய வேர்த்தண்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மணிமாலை போல வரிசையாக இருக்கும். மஞ்சள் கோரையின் கிழங்கு ஒவ்வொன்றும் வேர்த்தண்டின் நுனியில் தனியாக இருக்கும். ஊதாக் கோரை நம் ஊர்க் கோரையேதான். நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்றும் முத்தக்காசு என்றும் வாங்கி நலங்கு மாவில் சேர்க்கிறோமே, அதே செடி. கிழங்கை நசுக்கி முகர்ந்தால் அந்த மணம் உடனே அடையாளம் காட்டிவிடும். இரண்டில் ஊதா வகையே பிடிவாதமானது.

கிழங்குகளில் பெரும்பாலானவை மேல்மண்ணின் ஆறு அங்குலத்துக்குள் இருக்கும். சில ஓரடி வரையிலும் அதற்குக் கீழும் போகும். செடியைக் கையால் பிடுங்கும்போது தண்டு அறுந்து வருமே தவிரக் கிழங்கு வராது. மணிமாலை போன்ற ஒரு கிழங்கு வரிசையில் முன்னே நிற்கும் கிழங்கு முளைத்திருக்கும்போது அதே இழையிலுள்ள மற்றவை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும்; இழை அறுந்ததும் அவையும் தனித்தனியே விழித்து முளைக்கும். நீங்கள் பிடுங்கிய இடத்தில் முன்னைவிட அடர்த்தியாக வந்ததற்குக் காரணம் இதுதான். இதே காரணத்தால், வாடகைக்கு டில்லர் எடுத்து இடத்தை உழுதுவிட்டுக் குளம் வைக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். கோடை உழவு செய்து கோரையை அழிக்கிறோமே என்று ஊரில் விவசாயம் பார்த்தவர்கள் கேட்கலாம். அந்த உழவு பலிப்பதற்குக் காரணம், புரட்டிப் போட்ட கிழங்கு பல வாரங்கள் மழையே இல்லாத வெயிலில் காய்ந்து உயிரிழப்பதுதான். ஹூஸ்டனில் கோடையிலும் மழை பெய்கிறது. காற்றிலும் ஈரம் குறைவதில்லை. இங்கே உழுவது கோரையை நட்டு வைப்பதற்குச் சமம்.

அருகம்புல்லுக்கு மண்ணுக்கு மேலே ஓடுதண்டும் கீழே வேர்த்தண்டும் இருக்கின்றன. கணு இருக்கும் ஒரு துண்டு மிஞ்சினாலும் தழைத்துவிடும். ஆனாலும் கோரையோடு ஒப்பிட்டால் இதை வெல்வது எளிது, ஏனெனில் பச்சையாக வளரும் காலத்தில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு இது நன்றாகவே கட்டுப்படும். பச்சையாக வளரும் காலத்தில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். குளிர்காலத்தில் பழுப்பேறி உறங்கும் அருகின் மீது பிப்ரவரியில் மருந்து அடித்துவிட்டு, புல் செத்துவிட்டது என்று மகிழ்வதில் பயனில்லை. அது முன்பே காய்ந்திருந்ததுதான், மார்ச்சில் மறுபடி துளிர்க்கும். கிளைபோசேட் பச்சை இலை வழியாக உள்ளே போய், சாற்றோடு வேருக்கு இறங்கிச் செயல்படுவது. இலை இல்லாத இடத்தில் அதற்கு வழியில்லை.

எனவே ஏப்ரல் பிற்பாதிவரை புல்லை வெட்டாமல் வளரவிடுங்கள். இதுவரை பராமரித்த கொல்லையை அப்படி விடுவது மனத்துக்கு உறுத்தலாக இருக்கும், ஆனால் மருந்து இறங்க இலைப்பரப்பு தேவை. கோரை மூன்று முதல் ஐந்து இலைகளோடு நிற்கும் பருவத்தில், புதுக் கிழங்கு வைக்கத் தொடங்குமுன், முதல் தெளிப்பைச் செய்ய வேண்டும். குளத்தின் விட்டம் 18 அடியானாலும், சுற்றிலும் குறைந்தது மூன்றடி சேர்த்து 24 அடி வட்டத்துக்குத் தெளியுங்கள். அந்த வட்டத்துக்குள் எந்தப் புல்லும் மிஞ்ச வேண்டியதில்லை என்பதால் முதல் சுற்றில் கிளைபோசேட் போதும். அருகு விழும், கோரையின் முதல் தலைமுறை இலைகளும் விழும். பிறகு மீண்டும் முளைக்கும் கோரைக்கு ஹாலோசல்ஃபியூரான் என்ற மருந்தைப் பயன்படுத்துங்கள். இது கோரை இனத்துக்கென்றே கடைகளில் சிறு பொட்டலங்களில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் கரும்புத் தோட்டங்களில் கோரைக்கு ஏக்கருக்கு 36 கிராம் என்று கலந்து அடிக்கும் துகள் மருந்தின் மூலப்பொருளும் இதுவே. எவ்வளவு சிறிய அளவு வேலை செய்கிறது என்பதற்காகச் சொல்கிறேன், உங்கள் பொட்டலத்தின் லேபிளில் உள்ள அளவே உங்களுக்கான அளவு. கோரை இலை மெழுகு பூசியது போல வழவழப்பானது. மருந்துத் துளி உருண்டு விழுந்துவிடும். லேபிளில் கேட்டிருந்தால் ஒட்டுத் திரவம் சேர்க்க மறக்க வேண்டாம். இது மெதுவாகத்தான் வேலை செய்யும். இலை மஞ்சளாகி முழுவதும் சாக மூன்று நான்கு வாரங்கள்கூட ஆகும். பொறுமையிழந்து நடுவில் பிடுங்கினால் மருந்து கிழங்குக்கு இறங்கும் பாதையை நீங்களே அறுத்தவராவீர்கள்.

கடையில் வாங்கும்போது பெயரைப் பார்த்து வாங்காமல், டப்பாவின் அடியில் சிறு எழுத்தில் இருக்கும் மூலப்பொருளைப் படியுங்கள். ரவுண்டப் என்ற களைக்கொல்லிப் பெயரைக் கேட்டாலே கிளைபோசேட் என்று பலரும் நினைக்கிறார்கள். அதைத் தயாரிக்கும் பேயர் நிறுவனம் 2021 இல் அறிவித்து, 2023 முதல் அமெரிக்க வீட்டுத் தோட்டங்களுக்கான வகைகளில் கிளைபோசேட்டை விலக்கி வேறு மூலப்பொருள்களைச் சேர்க்கத் தொடங்கியது; ஆகவே ஒரே பெயரில் வெவ்வேறு மருந்துகள் அலமாரியில் இருக்கலாம். ஓராண்டுக்கு எதுவும் முளைக்காது என்று விளம்பரம் செய்யும் வகைகளைத் தொடாதீர்கள். அவற்றில் மண்ணிலேயே நெடுநாள் தங்கும் மருந்து கலந்திருக்கும். இமாசபிர் போன்றவை மரவேர் வழியாக ஏறி, வேலியோரம் நிற்கும் ஓக் மரத்தையும் பீக்கன் மரத்தையும், ஏன் அடுத்த வீட்டு மரத்தையும் பட்டுப்போகச் செய்துவிடும். பெட்ரோலிய எண்ணெய் கலந்த களைக்கொல்லிகள் வைனிலையே இளக்கிக் கெடுப்பவை என்பதால், டீசல் ஊற்றிப் புல்லைக் கருக்கும் பழைய பழக்கம் குளத்தின் அடியில் கூடவே கூடாது.

மருந்து வேண்டாம் என்பவர்கள் வினிகரும் உப்பும் பரிந்துரைப்பார்கள். வினிகர் இலையைக் கருக்குமே தவிரக் கிழங்கைத் தொடாது. உப்பு மண்ணைக் கெடுப்பதோடு குளத்தின் எஃகுச் சுவரையும் அடிப்பட்டையையும் துருப்பிடிக்கச் செய்யும். கண்ணாடி போன்ற பாலித்தீனை விரித்து வெயிலில் மண்ணைச் சுடவைக்கும் முறை விதைகளில் முளைக்கும் களைகளுக்கு அருமையானது. ஆழத்தில் கிடக்கும் கோரைக் கிழங்குக்கு அந்தச் சூடு எட்டாது.

பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 இல் கிளைபோசேட்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, லேபிளின்படி பயன்படுத்தினால் அத்தகைய வாய்ப்பு இல்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. இந்தக் கருத்து வேறுபாடு தீரும்வரை நாம் செய்யக்கூடியது, அடிப்பவர் மீதும் பிள்ளைகள் மீதும் படாமல் பார்த்துக்கொள்வதுதான். காற்றில்லாத காலைப் பொழுதில், கையுறையும் முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் அணிந்து தெளியுங்கள். இலை முழுவதும் உலரும்வரை பிள்ளைகளையும் நாயையும் வெளியே விடாதீர்கள். தெளித்த இடத்தை அடுத்த சில வாரங்களுக்கு விளையாட்டு இடமாக்காமல் கயிறு கட்டி மறித்துவிடுங்கள். கிளைபோசேட் களிமண்ணோடு இறுகப் பிணைந்துகொள்வது. குளத்துத் தண்ணீருக்கும் அந்த மண்ணுக்கும் நடுவே மணலும் விரிப்பும் லைனரும் இருக்கின்றன. களிமண்ணோடு பிணையும் குணத்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கலங்கிய தண்ணீரில் கலந்தாலும், புழுதி படிந்த இலையில் அடித்தாலும் அது செயலிழந்துவிடும். முந்தைய நாள் இலைகளைத் தண்ணீரால் கழுவிவிட்டு, மறுநாள் உலர்ந்த பின் தெளிப்பது நல்லது. தெளித்தபின் சில மணி நேரமாவது மழை கூடாது.

பலரும் விட்டுவிடும் கட்டம் இனிமேல்தான் வருகிறது. இரண்டு சுற்றுத் தெளிப்பு முடிந்து, இடம் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். அப்போது தரைக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று வாரங்கள், நாற்றங்காலுக்கு விடுவது போலவே ஈரம் காயாமல் விட்டு, மிச்சமிருக்கும் கிழங்குகளை முளைக்கத் தூண்டுங்கள். ஜூன் மாதச் சூட்டில் உயிருள்ள கிழங்கு அதற்குள் தலைகாட்டிவிடும். வந்தவற்றுக்கு மட்டும் மீண்டும் மருந்து காட்டுங்கள். எதுவும் வராவிட்டால் அடுத்த வேலைக்குப் போகலாம். குளத்துக்கு அடியில் முளைக்க இருந்ததை முன்கூட்டியே வெளியில் முளைக்க வைப்பதுதான் இதன் நோக்கம். என் கணிப்பில் மேலே சொன்ன எல்லா வேலைகளையும்விட இதுவே லைனரைக் காப்பாற்றுகிறது.

தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணை அழைத்தால், எரிவாயு, மின்சாரக் குழாய்கள் போகும் தடத்தைக் கட்டணமின்றிக் குறித்துத் தருவார்கள். பிறகு செத்த புல்லை வேரோடும் தழையோடும் வழித்தெடுத்துவிட வேண்டும். புல்லை மட்டும் பாளம் பாளமாக அறுத்தெடுக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. அப்படியே விட்டால் அடியில் மட்கித் தரை குழிவதோடு, பூஞ்சை வளர்ந்து லைனரில் கறை ஏறும். மட்டப்படுத்தும்போது மேடான பக்கத்தைச் செதுக்கித் தாழ்ந்த பக்கத்துக்கு இணையாகக் கொண்டுவாருங்கள். தாழ்ந்த பக்கத்தில் மண் கொட்டி உயர்த்தினால் அது பின்னால் அமிழும். ஹூஸ்டன் மண் நம் கரிசல் போலவே ஈரத்தில் ஊதி, காய்ந்தால் வெடிக்கும் களிமண் என்பதால் இதில் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

மணல் வாங்கும்போது சலித்த கட்டுமான மணலா என்று கேட்டு வாங்குங்கள். கோரை புதிதாக ஓரிடத்துக்கு வருவதே பெரும்பாலும் லாரியில் வரும் மண்ணோடும் மணலோடும்தான். இத்தனை பாடுபட்டுவிட்டு, விலை மலிவென்று கிழங்கு கலந்த மணலைக் கொட்டிக்கொள்ளக் கூடாது. மணலுக்கும் லைனருக்கும் நடுவே குளத்துக்கென்று விற்கும் தடித்த ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணி விரிப்பைப் போடுங்கள். மெல்லிய பாலித்தீனைவிட, நெருக்கமாக நெய்த பாலிபுரோப்பிலீன் துணி முளையை நன்றாகவே தடுக்கும், தண்ணீரையும் தேக்காது. ஆனால் விரிப்பை மருந்துக்கு மாற்றாக நினைக்காமல், தப்பிய ஒன்றிரண்டு முளைக்கான காப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மருந்தும் அடிக்கவே மாட்டேன் என்பவர்களுக்கும், காத்திருக்க முடியாதவர்களுக்கும் ஒரே வழி, மண்ணையே மாற்றுவது. 20 அடி வட்டத்தில் ஓரடி ஆழம் தோண்டினால் ஏறக்குறைய 12 கன கெஜம் மண் வரும். ஒரு டிப்பர் லாரி நிறையும். அதைக் கொல்லையின் இன்னொரு மூலையில் பரப்பினால் கோரை அங்கே குடியேறும் என்பதால் வெளியேற்றியே ஆகவேண்டும். பள்ளத்தை அப்படியே விட்டு அதில் குளத்தை இறக்கினால் மழைக்காலத்தில் களிமண் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கிச் சுவரின் அடிப்பகுதி அரிக்கும். உடைத்த சுண்ணாம்புக்கல் ஜல்லியை மூன்று நான்கு அங்குல அடுக்குகளாகக் கொட்டி, ஒவ்வொன்றையும் அதிர்வு இயந்திரத்தால் இறுக்கித் தரைமட்டத்துக்கோ சற்று மேலாகவோ கொண்டுவர வேண்டும். செலவு கணிசமானது. சிறிய குளத்துக்கு இது தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு உசிதமாகப் படுவது காத்திருப்பதே. தரையைத் தோண்டி அமைக்கும் கான்கிரீட் குளத்துக்கோ ஃபைபர்கிளாஸ் குளத்துக்கோ கோரையால் துளை விழும் கவலை இல்லை. அங்கே தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்பது மட்டுமே கேள்வி.

குளம் வைத்த பிறகு, சுற்றிலும் உள்ள மூன்றடிப் பட்டையை மறுபடி புல்வெளியாக விடாதீர்கள். வேர்த்தண்டுகள் வெளியிலிருந்து குளத்தின் அடிக்கு நகர்ந்து வரும். குளத்திலிருந்து தெறிக்கும் தண்ணீர் அவற்றுக்கு வேண்டிய ஈரத்தைத் தரும். நெய்த துணி விரித்து அதன்மேல் ஜல்லி பரப்பி, வெளி விளிம்பில் மண்ணுக்குள் இறங்கும் தடுப்புப் பட்டை பதித்து, அதற்கப்பால் உள்ள புல்வெளியில் தோன்றும் கோரைக்கு ஹாலோசல்ஃபியூரான் அடியுங்கள். உங்கள் ஊரில் வழக்கமான செயின்ட் அகஸ்டின் புல்லை அது கெடுக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு முளை லைனரைத் துளைத்து வந்தால் அதைத் தண்ணீருக்குள்ளிருந்து இழுக்காதீர்கள்; துளையை அடைத்துக்கொண்டிருப்பது அந்தத் தண்டுதான். லைனரை ஒட்டினாற்போல் கத்தரித்துவிட்டு, தண்ணீருக்கடியில் ஒட்டும் வைனில் ஒட்டுப்போட்டு மூடினால் அந்தப் பருவத்தை ஓட்டிவிடலாம். லைனர் உத்தரவாதங்கள் பலவற்றில் கோரையால் வந்த சேதம் விலக்கப்பட்டிருக்கும் என்பதால், வாங்கும்போதே அந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள். முளைகள் ஒன்றிரண்டோடு நில்லாமல் தொடர்ந்து வந்தால், பருவ முடிவில் தண்ணீரை வெளியேற்றி லைனரை மடக்கி வைத்துவிட்டு, அடுத்த ஏப்ரலில் தெளிப்பிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.